கைக்குழந்தையின் இடுப்பு மூட்டும் கேளா ஒலியும்

நடை பழகும் குழந்தை ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதைக் கண்டும், நாளடைவில் சரியாகிவிடும் என்று பெற்றோர் வாளாவிருந்துவிடுவதுண்டு. குழந்தைக்கு நோவு இல்லாமையே இதற்குக் காரணம். ஆனால் அச்சாய்வு, தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் சரிவரப் பொருந்தாமையின் அடையாளமாக இருக்கக்கூடும். பிறந்த சில வாரங்களில் கண்டறிந்திருந்தால், கால்களை அகற்றி வைக்கும் வார்ப்பட்டையே பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கும். நடக்கும் வயதிலோ, மயக்க மருந்து கொடுத்து மூட்டைப் பொருத்தவோ அறுவை செய்யவோ நேரிடுகிறது.

பச்சிளங் குழந்தையின் தொடைத் தலை குருத்தெலும்பாலானது. எக்ஸ்ரே படத்தில் அது தோன்றாது. நான்கு முதல் ஆறு மாதங்களில் அதனுள் எலும்பு உருவான பின்னரே அப்படம் நன்கு பயன்படும். செவிக்கெட்டாத ஒலியலைகளைக் கொண்டு எடுக்கும் ஸ்கேன் படமோ குருத்தெலும்பையும் காட்டுகிறது, கதிர்வீச்சும் இல்லை. ஆஸ்திரிய மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980இல் வெளியிட்ட முறைப்படி, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கிண்ணத்தின் எலும்புக் கூரையை ஒரு கோணத்தால் அளக்கின்றனர். கோணம் 60 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் மூட்டு முதிர்ந்தது. 43க்குக் குறைந்தால் மூட்டு விலகியுள்ளது. 50க்கும் 59க்கும் இடைப்பட்டது, மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தையிடம் வெறும் முதிராமையாகவும் இருக்கலாம்; அதனை மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பதே முறை.

ஆஸ்திரியா 1992 முதலும் ஜெர்மனி 1996 முதலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனையைச் செய்கின்றன. நம் நாட்டில் 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் தேடச் சொல்லும் 30 குறைகளுள் இதுவும் ஒன்று. எனினும் கருவியைக் கிராமந்தோறும் தூக்கிச் செல்ல இயலாது. கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஸ்கேன் கருவிகள் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவை. ஆகவே குழந்தைதான் கருவியிடம் செல்ல வேண்டும்.

பாகாலாவைப் பாருங்கள். அச்சந்திப்பிலிருந்து ஒரு ரயில் பாதை கிழக்கே திருப்பதிக்கும், மற்றொன்று தெற்கே சித்தூர் வழியாகக் காட்பாடிக்கும் செல்கிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் எலும்பு மருத்துவமனை உண்டு; காட்பாடியை அடுத்த வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உண்டு. வழி இல்லை என்பதன்று குறை. யாரை அனுப்புவது என்பதே கேள்வி. அதற்கு விடை கூறத்தக்கவர் வீடுவீடாகச் செல்லும் ஊழியரே.

கருவில் புட்டம் கீழாக இருந்த குழந்தையும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இக்குறை இருந்த குழந்தையும் முதலில் கவனிக்கத்தக்கவர்கள். பெண் குழந்தைகளிடமும் தலைப்பிள்ளைகளிடமும் இது மிகுதி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. வயிற்றைக் கீறிப் பிரசவம் ஆகியிருப்பின், அது ஏன் செய்யப்பட்டது என்று தாயைக் கேட்க வேண்டும். புட்டம் கீழிருந்தமையே காரணம் எனில், பிரசவ முறை மாறியதால் குழந்தையின் இடுப்பைப் பற்றிய ஐயம் நீங்கிவிடாது. ஆறாவது வாரத் தடுப்பூசி நாளே ஸ்கேனுக்கு அனுப்புவதற்கும் ஏற்ற நாள்.

மூன்று மாதம் கடந்த குழந்தையின் முழங்கால்களை மடக்கித் தொடைகளை மெல்ல விரித்தால், ஒரு பக்கம் குறைவாக விரிவது முக்கியமான அறிகுறி. தொடை மடிப்புகளின் வேற்றுமையை மட்டும் நம்பலாகாது. இரு பக்கமும் விலகியிருந்தால் ஒப்பிட்டுக் காண வேற்றுமையே இராது. அக்குழந்தை பின்னர் வாத்து போல் அசைந்து நடக்கும். அங்கன்வாடி ஆசிரியை இதைத்தான் கவனிக்க வேண்டும்.

குழந்தையின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கம் மூட்டுக்குத் தீங்கானது. ஜப்பானில் 1970களில் இவ்வழக்கத்தை விடுமாறு தாய்மாருக்கு அறிவுறுத்தியபின் இக்குறை வெகுவாகக் குறைந்தது. நம் தாய்மார் கால்களை அகல வைத்து இடுப்பில் தூக்கிச் செல்வது மூட்டுக்கு இசைவானதே. அதை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.