சைலென்சரும் பெட்ரோல் அளவும்

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞர் பலர், முதல் சர்வீஸ் முடிவதற்குள்ளாகவே மாற்றிவிட விரும்பும் உறுப்பு சைலென்சர். வண்டியோடு வந்த குழலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, கடையில் தனியே விற்கும் ஒன்றைப் பூட்டிக்கொள்கின்றனர். அதனோடு, பெட்ரோலின் அளவைத் திருத்தும் மின்னணுப் பெட்டி ஒன்றையும் வாங்குமாறு கடைக்காரர் சொல்லுகின்றார். இவ்விரண்டும் செய்யும் தொழில் யாது, இவற்றை எவ்வாறு தேர்வது என்பவற்றைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன். வேண்டவே வேண்டா என்று தடுப்பது என் நோக்கமன்று. முதற்சம்பளம் கைவிட்டுப் போகுமுன் பொருளின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டுமல்லவா?

சைலென்சர் என்ற பெயரைக் கேட்டு, ஒலியை அடக்குவதொன்றே அதன் வேலை என்று நினைத்துவிடுகின்றோம். ஆகவே அடைப்புக் குறைந்த குழலைப் பூட்டினால் புகை தாராளமாக வெளியேறும், வண்டியின் சக்தி பெருகும் என்று வாதிக்கின்றோம். இவ்வாதத்தில் பாதிதான் உண்மை.

எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து ஆற்றுநீர் போல ஒரே ஒழுக்காக வருவதில்லை. வால்வு திறக்குந்தோறும் ஓர் அழுத்த அலையாகப் பாய்கின்றது. அவ்வலை குழலின் திறந்த முனையை அடைந்ததும், அழுத்தம் குறைந்த அலையாக மாறி, வந்த வழியே திரும்புகின்றது. வால்வு மூடுந்தறுவாயில் அது வந்து சேருமானால், எஞ்சிய புகையை உறிஞ்சி வெளியேற்றிப் புதிய கலவைக்கு இடஞ்செய்யும். முன்பின்னாக வந்தால் அவ்வுதவி கிட்டாது.

கணக்கில் நாட்டமுள்ள மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். குழலின் நீளம் ஒன்றரை மீட்டர் என்றும், சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 500 மீட்டர் என்றும் கொள்வோம். அலை போய்த் திரும்ப ஆகும் நேரம், நொடியில் ஆயிரத்தில் 6 பங்கு. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுழலும்போது, அந்நேரத்திற்குள் அதன் அச்சு 216 பாகை திரும்பிவிடும். 3,000 சுற்றில் 108 பாகைதான் திரும்பும். ஆகவே, விரைந்து ஓடும்போது உரிய வேளையில் வந்து துணைபுரிந்த அலை, மெல்ல ஓடும்போது மிக முன்னதாகவே வந்து வீணாகின்றது. எல்லா வேகத்திற்கும் ஒத்த குழல் என்று ஒன்று இல்லை. பந்தயக் குழலை வாங்கி, நகர நெரிசலில் மூன்றாம் கியரில் ஊர்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓசையே.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் 350 சி.சி. புல்லட் வைத்திருக்கின்றார். குழலை மாற்றியபின் வண்டி பறக்கிறது என்று என்னிடம் சத்தியமே செய்தார். நான் மறுத்துரைக்கவில்லை; அளந்து பார்க்கச் சொன்னேன். பின்சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் டைனோ என்ற கருவி சில பட்டறைகளில் உண்டு. அதில் வரைந்த கோட்டில், மேல்வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கும் குறைந்த ஏற்றமே இருந்தது. 3,000 சுற்றில் இழுவை முன்னைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. செவி மிகப் பொல்லாத சாட்சி! உரத்த ஒலியை அது வேகமென்றே பதிவு செய்துவிடுகின்றது. ஆதலின், குழல் விற்பவர் சக்தி கூடும் என்றால், அதே வண்டியில், மாற்றுமுன்னும் பின்னும் வரைந்த இரு கோடுகளைக் காட்டுமாறு கேளுங்கள். எடை எவ்வளவு குறைகின்றது என்றும் கேளுங்கள். அது ஐயத்திற்கிடமில்லாத இலாபம். உள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைத்த குழலாயின், அப்பஞ்சு நாளடைவில் கருகிப்போம், மாற்ற வேண்டிவரும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இனிப் பெட்ரோலுக்கு வருவோம். ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். 2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கேற்ப அமைந்த வண்டிகளில், புகைக்குழலில் உள்ள ஆக்சிஜன் சென்சார் புகையை ஓயாது சோதித்து, கலவை பிசகினால் கணினிக்குச் சொல்லுகின்றது. கணினி இன்ஜெக்டரைத் திருத்துகின்றது. எனவே சாதாரண ஓட்டத்தில், குழலை மாற்றியதால் நேரும் சிறு வேறுபாட்டை வண்டி தானே சரிசெய்துகொள்ளும். த்ராட்டிலை முழுதும் முறுக்கும்போதுதான் கணினி பெரும்பாலும் சென்சாரைக் கேளாமல், முன்னரே எழுதிவைத்த அட்டவணையைப் பின்பற்றும். காற்றோட்டம் மிகவும் மாறியிருந்தால் அங்கே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறக்கூடும். டியூனர்ப் பெட்டிக்கு உண்மையான வேலை அவ்விடத்தில்தான். முழுக் குழலையும் காற்று வடிகட்டியையும் மாற்றியவருக்கு அது தேவைப்படலாம். பின்முனையை மட்டும் மாற்றியவருக்குப் பெரும்பாலும் வீண் செலவு.

வாங்குவதாயின், வேகத்திற்கும் த்ராட்டிலுக்கும் தக்கவாறு அளவை மாற்றுவதும், வேண்டாதபோது கழற்றக்கூடியதுமான பெட்டியை வாங்குங்கள். காற்று குளிர்ந்திருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும் மலிவான மின்தடைத் துண்டுகளும் விற்கின்றன. அவற்றை நாடாதீர்கள். மற்றொன்று: இந்நாளில் நம் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 13.5 கிராம் காற்றே போதும். வேற்றுநாட்டுப் பெட்ரோலுக்கு எழுதிய அட்டவணை இங்கே பொருந்தும் என்று நம்பிவிடலாகாது.

புகைக்குழலினுள் இருக்கும் வினையூக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற அவ்வுறுப்பு, கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்களை மாற்றிவிடுகின்றது. கலவை உரிய விகிதத்தை ஒட்டி இருந்தாலன்றி அது நன்கு வேலை செய்யாது. சில வண்டிகளில் சைலென்சரைக் கழற்றினால் வினையூக்கியும் உடன்போய்விடும். ஆகவே அது இருக்குமிடத்தை முதலில் விசாரியுங்கள். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனம், புகையின் நச்சு மிகுவதற்கு இடந்தரும் டியூனர்களை விற்றதாக எழுந்த வழக்கில், 2016இல் 1 கோடியே 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டபின் கடுமையாகிவிட்டது. ஒலி, புகை வரம்பை மீறிப் பொதுவழியில் ஓட்டினால், முதற்குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டும் உரிமையும் மூன்று மாதம் பறிபோகும். ஒலி 10 டெசிபெல் ஏறினால் அதன் ஆற்றல் பத்து மடங்காகின்றது. குழலின் வாயிலுள்ள ஒலித்தடுப்பானைக் கழற்றிக்கொள்ளலாம் என்று விற்பவர் கண்சிமிட்டிச் சொன்னால், அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும், கழற்றிய பழைய குழலைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது அது தேவைப்படும். அதனுள் வினையூக்கி இருக்குமானால் பிளாட்டினத்தின் மதிப்பு உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.