கூம்புகள் தரும் எட்டு நொடி

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து வருகிறது. அந்த வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். எதிரே சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் அதைப் பார்க்க வேண்டும், பள்ளம்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும், காலை எடுத்து பிரேக்கில் வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் இரண்டரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டுதான் சாலைப் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதற்குள் பேருந்து 55 மீட்டர் வந்துவிடும். பிரேக் இனிமேல்தான் பிடிக்க வேண்டும்! அதன்பிறகு நிற்பதற்கு இன்னும் 65 மீட்டர். ஆக மொத்தம் 120 மீட்டர். இதே பேருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 45 மீட்டருக்குள் நின்றுவிடும்.

நெடுஞ்சாலையில் லாரி பழுதாகி நின்றால், பின்னால் நாலு கல்லை வைத்து ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பத்து மீட்டர் தள்ளிப் போட்ட கிளை, 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அரை நொடிகூடத் தராது. சாலை வேலை நடக்கும் இடத்தில் இப்படி அரை நொடியை நம்பி ஆட்களை நிறுத்த முடியாது. அங்கே தார் ஊற்றுபவரும் ஜல்லி கொட்டுபவரும் பெரும்பாலும் வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து யாராவது முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

அப்படி யோசித்து எழுதி வைத்த வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. நம் நாட்டில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே தனி நூல் வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே கையேடு. இரண்டுமே வேலை நடக்கும் சாலையை நான்கு துண்டுகளாகப் பிரிக்கின்றன. முதலில் எச்சரிக்கும் பகுதி, அடுத்து வாகனங்களைத் தடம் மாற்றும் பகுதி, பிறகு வேலை நடக்கும் பகுதி, கடைசியாகப் பழைய தடத்துக்குத் திருப்பி விடும் பகுதி.

அமெரிக்காவின் அதிவேகச் சாலைகளில் முதல் எச்சரிக்கைப் பலகை எங்கே இருக்கும் தெரியுமா? வேலை இடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்பே! அதற்குப் பிறகும் இரண்டு பலகைகள் வரும். ‘முன்னால் வேலை நடக்கிறது’ என்று முதல் பலகை சொல்லும், ‘வலது தடம் மூடியிருக்கிறது’ என்று இன்னொன்று சொல்லும். ஒரே பலகையில் எல்லாவற்றையும் எழுதினால் ஓடும் வண்டியில் இருப்பவரால் படித்து முடிக்க முடியாது.

அடுத்துதான் கூம்புகள் வரும். இவை சாலைக்குக் குறுக்கே நேராக நிற்பதில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, சாய்கோடு போல ஒரு தடத்தை மூடும். அந்தச் சாய்கோடு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? வேகச் சாலைகளுக்கு அமெரிக்கர்களிடம் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. தடத்தின் அகலத்தை அடியில் எடுத்து, வேகத்தை மைலில் எடுத்துப் பெருக்க வேண்டும். அகலம் 12 அடி, வேகம் 60 மைல் என்றால் 720 அடி. நம் கணக்கில் சுமார் 220 மீட்டர். அந்த வேகத்தில் இதைக் கடக்க எட்டு நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் நகர எட்டு நொடி கிடைத்தால் யாரும் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்ப மாட்டார்கள். கூம்புகளை வரிசையாக வைத்தவர் ஓட்டுநருக்குக் கொடுத்தது அந்த எட்டு நொடியைத்தான்.

கூம்புக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சாலைக்கோடு வரையும் வேலையில் இருந்தவர் சார்லஸ் ஸ்கான்லன். ஈர வண்ணத்தின்மேல் வண்டிகள் ஏறாமல் இருக்க அந்தக் காலத்தில் மரத் தடுப்புகளை வைப்பார்கள். வண்டி இடித்தால் தடுப்பும் உடையும், வண்டியும் அடிபடும். ஸ்கான்லன் வளையக்கூடிய கூம்பு ஒன்றை வடிவமைத்தார். அடிப்பக்கம் அகலமாகவும் கனமாகவும் இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் தரையை ஒட்டியே இருக்கும். லேசாக உரசினால் சாய்ந்து, தானே நிமிர்ந்துவிடும். 1943இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

கூம்பு வரிசை முடிந்தவுடன் வேலையாட்கள் நிற்க மாட்டார்கள். நடுவில் ஒரு வெற்றிடம் விடுவார்கள். அங்கே ஆளும் இருக்கக் கூடாது, ஜல்லிக் குவியலும் இருக்கக் கூடாது, தண்ணீர்க் குடம்கூட இருக்கக் கூடாது. யாராவது கவனிக்காமல் கூம்புகளை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் நிற்பதற்கு அந்த இடம் வேண்டும். ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று அங்கே வண்டியை நிறுத்துவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. உயிர் காக்க விட்ட இடம் அது.

வெற்றிடமும் போதாத இடங்கள் உண்டு. கான்கிரீட் தடுப்புச் சுவரின் முனை அப்படிப்பட்டது. வேகமாக வரும் கார் அதில் மோதினால் நொடிப்பொழுதில் நிற்கும். உள்ளே இருப்பவர் பிழைப்பது கடினம். இதற்கு வழி கண்டவர் ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கக் கார் பந்தய வீரர். 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் நடந்த பெரும் விபத்தில், அவரோடு ஒரே காரை மாறி மாறி ஓட்ட இருந்த பியர் லெவேயும் பார்வையாளர்கள் பலரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஃபிட்ச் சாலைப் பாதுகாப்பில் இறங்கினார். பிளாஸ்டிக் பீப்பாய்களில் மணல் நிரப்பிச் சுவருக்கு முன்னால் வரிசையாக வைக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒரே அளவு மணல் இல்லை. முதல் பீப்பாயில் சுமார் 90 கிலோ, அடுத்து 180, அப்புறம் 320, 640, 960.

ஒரு காகிதம் எடுத்து நீங்களே கணக்குப் போடலாம். 900 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 90 கிலோ மணலை இடித்துத் தன்னோடு தள்ளும்போது, காரின் உந்தம் இப்போது 990 கிலோவுக்குப் பங்கு போகிறது. வேகம் 91 ஆகக் குறையும். இடித்த மணல் சிதறிப் பின்தங்கிவிடும் என்பதால், அடுத்த பீப்பாய்க்கும் காரின் 900 கிலோவிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். அதில் வேகம் 76. பிறகு 56, 33, கடைசியில் 16. சுவரைத் தொடுவதற்குள் காரின் வேகம் சைக்கிள் அளவுக்கு இறங்கிவிட்டது! 960 கிலோ பீப்பாயை முதலில் வைத்திருந்தால் 100 ஒரே அடியில் 48 ஆகியிருக்கும். உடம்பு தாங்காது.

இரவு வேலைக்கு வருவோம். தொழிலாளர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையில் இரண்டு விதமான அறிவியல் இருக்கிறது. ஆரஞ்சுத் துணி, சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கி, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தரும். அதனால்தான் மேகமூட்டமான மாலையில்கூட அது பளிச்சென்று தெரிகிறது. சூரியன் மறைந்தால் அந்த வேலை நின்றுவிடும். அப்போது சட்டையின் வெள்ளிப் பட்டைகள் வேலையைத் தொடங்கும். அவற்றில் மிகச் சிறிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து, பின்பக்கம் பட்டு, மறுபடி வளைந்து, வந்த வழியே திரும்பும். காரின் விளக்கொளி காருக்கே திரும்புவதால் ஓட்டுநர் கண்ணுக்குப் பட்டை மின்னும். பள்ளிப் பையில் அப்படி ஒரு பட்டை இருந்தால் இருட்டறையில் சோதித்துப் பாருங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் பட்டை மின்னும். கையை நன்றாக விலக்கிப் பிடித்தால் மங்கிவிடும்.

தடம் குறைந்தால் நெரிசல் வரத்தானே செய்யும்? மூடப்போகும் தடத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் முன்கூட்டியே அடுத்த தடத்தில் நுழைவார்கள். ஒரு தடம் காலியாகக் கிடக்க, இன்னொன்றில் வரிசை நீண்டுகொண்டே போகும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டு தடத்திலும் கடைசி வரை வாருங்கள், அங்கே ஜிப்பின் பற்கள் போல ஒன்றுவிட்டு ஒன்று சேருங்கள் என்கிறது. ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. கடைசி வரை வருபவர் வரிசையை மீறுகிறார் என்று மற்றவர்கள் கோபப்படுவதுண்டு. நெரிசலாக இருக்கும்போது இதுதான் சரியான முறை.

சின்னச் சாலையில் ஒரே தடம்தான் மிஞ்சும். இரு முனையிலும் கொடியோடு ஆள் நிற்பார். 300 மீட்டர் நீளத்தை 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 நொடி ஆகும். கடைசி வண்டி வெளியேறும் வரை எதிர்ப்பக்கம் பச்சைக் கொடி காட்டக் கூடாது. நடுவில் வளைவு இருந்து ஒருவரை ஒருவர் பார்க்க முடியாவிட்டால் வாக்கி டாக்கி வேண்டும். அதுவும் இல்லாதபோது ஒரு பழைய முறை உண்டு. கடைசி வண்டி ஓட்டுநரிடம் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். அது அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை காலி என்று பொருள். ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் ஓட்டுநர் டோக்கன் வாங்கிக்கொண்டு போவதும் இதே தத்துவம்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். இத்தனை பலகைகளையும் கூம்புகளையும் சாலையில் வைப்பவர்களை யார் காப்பாற்றுவது? எதை முதலில் வைப்பார்கள்?

வேலை இடத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் முதல் எச்சரிக்கைப் பலகையைத்தான் முதலில் வைப்பார்கள். வாகனங்கள் வரும் திசையிலேயே வரிசையாக வைத்துக்கொண்டு போவார்கள். அதனால் ஒவ்வொரு பலகையை நடும்போதும், அதற்கு முன் நட்ட பலகை அவர்களுக்குக் காவலாக நிற்கும். வேலை முடிந்தபின் எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். கூம்புகள் முதலில் போகும், தொலைவில் இருக்கும் அந்தப் பலகை கடைசியாகப் போகும். அதை அங்கேயே விட்டுவிட்டும் போகக் கூடாது. வேலையே நடக்காத இடத்தில் ‘வேலை நடக்கிறது’ என்ற பலகையை நாலு நாள் பார்த்த ஓட்டுநர், ஐந்தாம் நாள் உண்மையிலேயே ஆட்கள் நிற்கும்போதும் வேகத்தைக் குறைக்க மாட்டார்.