லினக்சில் மெய்நிகர் இயந்திரங்களும் கடவுச்சொல் கேட்பும்

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி ஆகும். மெய்யான கணினியில் இயங்குவது புரவலர் இயங்குதளம். அதனுள் இயங்குவது விருந்தினர் இயங்குதளம். லினக்சைப் புரவலராகக் கொண்டு மெய்நிகர் இயந்திரத்தை இயக்குபவரிடம் பல கட்டங்களில் கடவுச்சொல் கேட்கப்படலாம். எல்லாக் கேள்விகளும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கேட்பது எது என்று அறியாமல் ஒரே கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இடுவதே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

பின்னணி

தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு லினக்சு அறிமுகமானது அரசின் மடிக்கணினி வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் வழங்கப்பட்டது. பாஸ் லினக்சு என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம்.

2007 பிப்ரவரியில் வெளியான லினக்சு கருனியின் 2.6.20 பதிப்பில் கேவிஎம் என்னும் மெய்நிகராக்க வசதி சேர்க்கப்பட்டது. கேவிஎம் இயந்திரங்களை மேலாண்மை செய்யும் பின்னணிச் சேவை லிப்விர்ட். அதைச் சன்னல் வழியே இயக்க உதவும் செயலி விர்ட்-மேனேஜர். விர்ச்சுவல்பாக்ஸ் இவற்றைச் சாராத தனி மென்பொருள்.

கேட்பது யார்?

1. புரவலர் கணினியின் அனுமதிச் சேவை. விர்ட்-மேனேஜரைத் திறந்தவுடன், கணினியின் மெய்நிகர் அமைப்புகளை மேலாள அனுமதி தேவை என்ற அறிவிப்புடன் ஒரு சன்னல் தோன்றினால், அதை எழுப்புவது போல்கிட் என்னும் சேவை. நிர்வாகி உரிமை பெற்ற ஒருவரின் கடவுச்சொல்லையே அது ஏற்கும். சாதாரண மாணவர் கணக்கின் கடவுச்சொல் சரியானதாக இருந்தாலும் இங்கே செல்லாது.

2. முனையத்தில் சூடோ. சூடோ கட்டளை கேட்பது, அப்போது நுழைந்திருக்கும் பயனரின் சொந்தக் கடவுச்சொல். தட்டச்சு செய்யும்போது திரையில் எழுத்தோ புள்ளியோ தெரியாமல் இருப்பது வழக்கம். விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று கருத வேண்டியதில்லை.

3. விருந்தினர் இயங்குதளம். மெய்நிகர் இயந்திரத்தின் திரைக்குள் தோன்றும் நுழைவுக் கேள்விக்குப் புரவலரின் கடவுச்சொல் பொருந்தாது. உள்ளே நிறுவியபோது வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. மேகக் கணிமைக்கெனத் தயாரிக்கப்பட்ட வட்டுப் படிமங்கள் பலவற்றில் முன்னமைந்த கடவுச்சொல்லே கிடையாது. முதல் தொடக்கத்தின்போதே அதை அமைத்துக்கொடுக்க வேண்டும்.

4. பாதுகாப்பான தொடக்கம். இவ்வசதி இயக்கத்தில் உள்ள உபுண்டு கணினியில் விர்ச்சுவல்பாக்சை நிறுவினால், புதிய கடவுச்சொல் ஒன்றை அமைக்கச் சொல்லும். அடுத்த தொடக்கத்தில் தோன்றும் நீலத்திரையில், புதிய சாவியைப் பதிவு செய்ய ஒரே ஒருமுறை மட்டும் அது தேவைப்படும். அத்திரையைத் தவறவிட்டால் கருனிக் கூறு ஏறாது, மெய்நிகர் இயந்திரமும் தொடங்காது. பதிவைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

5. தொலைக் கணினி. வேறொரு கணினியிலுள்ள இயந்திரத்தை எஸ்எஸ்எச் வழியாக விர்ட்-மேனேஜரில் திறக்கும்போது, இணைப்புக்கு ஒருமுறையும் திரையைக் காட்ட மறுமுறையுமாகக் கடவுச்சொல் கேட்கப்படலாம். எஸ்எஸ்எச் சாவி இணை ஒன்றை உருவாக்கிப் பொதுச் சாவியைத் தொலைக் கணினியில் சேர்த்தால் இத்தொல்லை நீங்கும்.

தீர்வுகள்

போல்கிட் கேள்வியைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு.

முதலாவது, பயனர் அமர்வு இணைப்பு. விர்ட்-மேனேஜரின் கோப்புப் பட்டியலில் புதிய இணைப்பைச் சேர்க்கும்போது, பயனர் அமர்வு என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். இயந்திரங்கள் அந்தப் பயனரின் உரிமையிலேயே இயங்குவதால் நிர்வாகி கடவுச்சொல் வேண்டியதில்லை. வட்டுக் கோப்புகளும் அவருடைய இல்ல அடைவிலேயே சேமிக்கப்படும். விருந்தினரிலிருந்து இணையத்தைப் பயன்படுத்த முடியும்; ஆனால் வெளிக் கணினிகள் அதை நேரடியாக எட்ட முடியாது. முன்பு கணினி இணைப்பில் உருவாக்கிய இயந்திரங்கள் இப்பட்டியலில் தெரியமாட்டா. அவை அழிந்துவிடவில்லை, பழைய இணைப்பின் கீழ் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, பயனரை லிப்விர்ட் குழுவில் சேர்ப்பது. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில், நிர்வாகி சூடோவுடன் ஆட்யூசர் கட்டளையை இட்டு, அதன்பின் பயனர் பெயரையும் குழுப் பெயரையும் தரலாம். யூசர்மாட் கட்டளையைப் பயன்படுத்துவோர் ‘சேர்’ என்பதைக் குறிக்கும் சிறிய ஏ விருப்பத்தையும் மறவாமல் தர வேண்டும். அதை விட்டுவிட்டால் பயனர் மற்ற துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். சூடோ குழுவும் அவற்றுள் ஒன்றானால் நிர்வாகி உரிமையே பறிபோகும். குழு மாற்றம் வெளியேறி மீண்டும் நுழைந்த பின்னரே நடைமுறைக்கு வரும். அதுவரை கடவுச்சொல் கேட்பது தொடரும்.

கவனிக்க வேண்டியது

லிப்விர்ட் குழு வெறும் வசதிக்கான குழு அன்று. அதன் உறுப்பினர் ஒருவர், புரவலர் கணினியின் முழு வட்டையும் ஒரு மெய்நிகர் இயந்திரத்துடன் இணைத்து, உள்ளிருந்தபடியே எந்தக் கோப்பையும் படிக்கவும் மாற்றவும் முடியும். ஆகவே கடவுச்சொல்லின்றி அக்குழுவில் இடம் தருவது, நடைமுறையில் நிர்வாகி உரிமையையே தருவதற்குச் சமம்.

சொந்த மடிக்கணினியில் உரிமையாளரும் நிர்வாகியும் ஒருவரே என்பதால் இது பெரும் இடர் ஆகாது. பலர் மாறி மாறி அமரும் பள்ளி ஆய்வகக் கணினியின் நிலை வேறு. அங்கே மாணவர் கணக்கை லிப்விர்ட் குழுவில் சேர்த்தால், ஒரு மாணவரின் பயிற்சிக் கோப்புகளை மற்றொருவர் அழித்துவிட வழி ஏற்படும். நிர்வாகி கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதும் அதே விளைவைத் தரும். ஆய்வகங்களுக்குப் பயனர் அமர்வு இணைப்பே ஏற்றது. கணினி இணைப்பு இன்றியமையாத பாடங்களுக்கு, ஆசிரியர் தம் கணக்கிலிருந்து இயந்திரத்தை இயக்கிக் காட்டலாம்.