முரானோவா, யப்பானா?
கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகம் சொல்லும் கதை

நண்பர் ஒருவர் தம் வீட்டு அலுமாரியில் நெடுங்காலமாகப் பேணி வந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை அண்மையில் எம்மிடம் காட்டினார். செம்மஞ்சள் நிறக் கருவைத் தெளிந்த கண்ணாடி தடிப்பாகச் சூழ்ந்திருந்தது. விளிம்பின் இரு பக்கங்களும் கொம்புகள் போல வெளியே இழுத்து விடப்பட்டிருந்தன. வெயிலிற் பிடித்தால் உள்ளே தணல் கனல்வது போன்ற தோற்றம்.

“தகப்பனார் வெளிநாடு போயிருந்தபோது வாங்கி வந்தது. இத்தாலிச் சாமான், முரானோக் கண்ணாடி” என்றார் நண்பர். மகளின் படிப்புச் செலவுக்காக அதனை விற்க எண்ணி, வாங்குவோருக்கு அனுப்ப விவரக் கடிதம் ஒன்றும் எழுதி வைத்திருந்தார். அதனைத் திருத்தித் தருமாறு கேட்கவே எம்மை அழைத்திருந்தார்.

நாமும் ஐயுறவில்லை. நிறமும் தடிப்பும் அவர் சொல்லை மெய்ப்பிப்பன போலவே இருந்தன. ஆயின், கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் நகத்தளவான வெள்ளித்தாள் துண்டொன்று ஒட்டியிருக்கக் கண்டோம். பூதக்கண்ணாடியால் நோக்கினோம். யப்பான் என்று ஆங்கிலத்தில் எழுதும் ஐந்து எழுத்துக்களுள் கடைசி மூன்றும் அதில் எஞ்சியிருந்தன!

நண்பரின் முகம் வாடிவிட்டது. எமக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. யப்பானியத் தொழிலாளர் தம் மூச்சால் ஊதி உருவாக்கிய பாத்திரம், இத்தனை ஆண்டுகளாக இத்தாலியர் பெயரில் வாழ்ந்தது எங்ஙனம்?

பெயர் பெற்ற தீவு

கண்ணாடிக் கலை என்றதும் உலகம் முதலில் நினைப்பது வெனிஸ் நகரத்தையே. கண்ணாடி உலைகளால் நகரில் தீப்பற்றும் அபாயம் இருந்தமையால், 1291 ஆம் ஆண்டில் வெனிஸ் அரசு அவ்வுலைகளை முரானோத் தீவுக்கு அகற்றுமாறு ஆணையிட்டது. தொழில் இரகசியம் வெளியே போகாதிருக்கும் பொருட்டு, கண்ணாடி வினைஞர் குடியரசை விட்டு வெளியேறுவதும் தடுக்கப்பட்டது.

அத்தீவின் முறைகளுள் ஒன்று ‘சொம்மேர்சோ’ என்பது. ‘மூழ்கியது’ என்பது அதன் பொருள். ஊதுகுழலின் முனையிற் சுற்றியெடுத்த நிறக் கண்ணாடியை, உருகிய வேறு நிறக் கண்ணாடியுள் அல்லது தெளிந்த கண்ணாடியுள் தோய்த்தெடுப்பர். ஒன்றன்மேல் ஒன்றாகப் படைகள் அமையும். நிறம் நீருள் மூழ்கியிருப்பது போலத் தோன்றும். 1950 ஆம் ஆண்டுகளில் இம்முறை உலகெங்கும் விரும்பப்பட்டது. இம்முறையிற் புகழ்பெற்ற கலைஞர் பிளாவியோ போலி 1954 இல் ‘கொம்பாசோ டோரோ’ என்னும் இத்தாலியப் பரிசைப் பெற்றார்.

எனினும் உருகிய கண்ணாடிக்கு நாடு என்பது இல்லை. ஊதுகுழலும் இடுக்கியும் உலையும் எங்கும் ஒன்றே. கைத்திறன் உள்ளவன் எவனும் அதே விளிம்பை அதே வகையில் இழுக்க வல்லவன். மயக்கம் பிறப்பது இங்கேதான்.

யப்பானியர் வளர்த்த கலை

யப்பானியர் கண்ணாடியைப் பண்டு ‘பீதொரோ’ என்றனர். அது ‘வித்ரோ’ என்னும் போத்துக்கேயச் சொல்லின் திரிபு. சிங்கள மொழியில் வழங்கும் ‘வீதுரு’ என்பதும் அதே சொல்லிலிருந்து வந்ததே. ஒரே மாலுமிகள் இரு தீவுகளிலும் ஒரே சொல்லை இறக்கிச் சென்றமை வியப்பன்றோ?

இருபதாம் நூற்றாண்டில் இக்கலை அங்கே புத்துயிர் பெற்றது. ஓவியமும் உலோகக் கலையும் பயின்ற இவாட்டா தோஷிச்சி (1893–1980) 1931 இல் தமது கண்ணாடிப் பட்டறையை நிறுவினார். ஜெர்மனியிற் பயின்று திரும்பிய ககாமி கோசோ 1934 இல் பளிங்குக் கண்ணாடித் தொழிற்சாலை அமைத்தார். இவாட்டாவின் பட்டறையில் வேலை பழகிய புஜித்தா கியோஹெய் (1921–2004), பொன்தகடும் வெள்ளித்தகடும் பதித்த கண்ணாடிப் பேழைகளால் உலகப் புகழ் எய்தினார். பிற்காலத்தில் அவர் முரானோவுக்கே சென்று அங்குள்ள வினைஞருடன் சேர்ந்து பணியாற்றினார். 2002 இல் யப்பானிய அரசு அவருக்குப் பண்பாட்டு விருது அளித்தது.

இவர்கள் பெயர் பெற்றவர்கள். இவர்களுக்குப் பின்னால், ஏற்றுமதிக்கென வண்ணச் சாடிகளும் கிண்ணங்களும் ஊதிய பெயரறியாத் தொழிலாளர் பலர் இருந்தனர். வட யப்பானில் உள்ள அவோமோரியில் 1949 இல் தொடங்கிய ஹொக்குயோ என்னும் தொழிற்சாலை, முதலில் மீன்வலைகளை மிதக்க வைக்கும் கண்ணாடி உருண்டைகளையே செய்தது. அத்தொழிற்சாலையே பின்னர் அழகிய வண்ணப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. கூராத்தா, காமெய், இவாட்சு என்னும் பெயர்களும் அக்கால ஒட்டுச்சீட்டுக்களிற் காணப்படுகின்றன. இவாட்சுவின் சீட்டில் வரும் ‘ஹினேரி’ என்ற சொல்லுக்கு ‘முறுக்கு’ என்பது பொருள்.

போர் முடிந்த அக்காலத்தில் ‘யப்பான் சாமான்’ என்றால் மலிவானது என்றே மேல்நாட்டார் எண்ணினர். முரானோ என்ற பெயருக்கோ பெருமதிப்பு. அழகிய கண்ணாடி ஒன்றைக் கண்டவர்கள் அதற்கு எந்தப் பெயரைச் சூட்டியிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனங்காணும் வழி

முதலிற் பார்க்க வேண்டியது ஒட்டுச்சீட்டு. யப்பானிய ஏற்றுமதிப் பாத்திரங்கள் பலவற்றில், செய்தவர் பெயர் கண்ணாடியிற் பொறிக்கப்படாமல் சிறு சீட்டில் மட்டுமே இருந்தது. நாலு முறை கழுவினால் சீட்டுப் போய்விடும். சீட்டோடு பெயரும் போய்விடும். முழுச் சீட்டு இல்லாவிடினும் அதன் துண்டோ, பசையின் வடுவோ உண்டா என்று நோக்குதல் வேண்டும்.

சீட்டில் உள்ள சொல் காலத்தையும் காட்டும். 1921 வரை அமெரிக்காவுக்கு அனுப்பிய பொருள்களில் ‘நிப்பொன்’ என்று எழுத இடமிருந்தது. அதன்பின் ‘யப்பான்’ என்னும் ஆங்கிலப் பெயரையே எழுதுமாறு அந்நாட்டுச் சுங்கப் பகுதியினர் பணித்தனர். ‘கைப்பற்றப்பட்ட யப்பான்’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் இருப்பின், பொருள் 1947 க்கும் 1952 க்கும் இடைப்பட்டது. அக்காலம் சான் பிரான்சிஸ்கோச் சமாதான உடன்படிக்கையோடு முடிந்தது. அதற்கான 1951 ஆம் ஆண்டு மாநாட்டிலேதான் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடம் நட்டஈடு கோருவதில்லை என்று அறிவித்தார்.

இத்தாலியச் சீட்டு இருந்தாலும் உடனே நம்பிவிடலாகாது. சீட்டை யாரும் அச்சிடலாம், எதிலும் ஒட்டலாம். முரானோக் கண்ணாடிக்கென வெனெற்றோப் பிராந்திய அரசு சட்டப்படி வணிகக்குறி ஏற்படுத்தியது 1994 இலேயாம். ஆகையால் 1950 ஆம் ஆண்டுப் பாத்திரம் என்று சொல்லி அக்குறியைக் காட்டுவாராயின், அங்கே ஏதோ பிழை உண்டு.

அடுத்து அடிப்பாகம். பாத்திரத்தின் வாயைத் திருத்தும்போது அதன் அடியை ஓர் இரும்புக் கோலிற் பற்ற வைப்பர். பின்பு தட்டிப் பிரிப்பர். பிரித்த வடுவைச் சிலர் தேய்த்து மட்டமாக்கி மெருகிடுவர். சிலர் மீண்டும் தீயிற் காட்டி மழுங்கச் செய்வர். சிலர் அப்படியே விடுவர். இவ்வேறுபாடு பட்டறைக்குப் பட்டறை உண்டேயன்றி, நாட்டுக்கு நாடு வகுத்த விதி அன்று. பல்லாண்டு மேசையில் இருந்த பாத்திரத்தின் அடியில் நுண்ணிய கீறல்கள் பல திசைகளிலும் ஓடும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால், பழமையைக் காட்ட யாரோ உரத்த தாளால் தேய்த்திருக்கலாம்.

நிறையும் நிறமும் உள்ளே தங்கிய குமிழிகளும் தனிச்சான்று ஆகமாட்டா. ஊதாக் கடந்த கதிர் விளக்கின் கீழ்ப் பச்சையாக ஒளிரும் கண்ணாடியில் யுரேனியம் இருக்கலாம். ஆனால் யுரேனியத்தைப் பல நாட்டாரும் கண்ணாடியிற் சேர்த்தனர். கனடாவின் கோண்வால் நகரிலும் 1962 முதல் 1975 வரை ‘ஷாலே’ என்னும் பட்டறை இதே சாயலில் இழுத்த விளிம்புக் கிண்ணங்களைச் செய்தது. அண்மைக் காலத்திற் சீனாவிலிருந்தும் இவை போன்றவை வருகின்றன.

எனவே நம்பத்தக்க வழி ஒப்பீடு ஒன்றே. சீட்டு அழியாத பாத்திரங்களின் படங்களையும் பழைய வணிகப் பட்டியல்களையும் தேடி, உருவம், நிறப்படைகளின் ஒழுங்கு, அடியை முடித்த விதம் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அமெரிக்காவின் கோணிங் கண்ணாடி நூதனசாலையின் நூலகம் இத்தகைய பட்டியல்களைச் சேர்த்து வைத்துள்ளது. மூன்றும் பொருந்தாவிடின், ‘செய்தவர் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

திருத்திய கடிதம்

நண்பரின் கடிதத்துக்கு வருவோம். “முரானோ என்று எழுதினால் விலை கூடும். சீட்டுத் துண்டைச் சுரண்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?” என்று அவர் மெல்லக் கேட்டார். குற்றம் கூற எமக்கு மனம் வரவில்லை. மகளின் படிப்பு அவர் நெஞ்சில் இருந்தது.

நாம் சொன்னது இவ்வளவே: “வாங்குபவரை ஏமாற்றுவது ஒரு பிழை. அதனினும் பெரியது வேறொன்று உண்டு. உலையின் முன் வியர்வை சிந்தி நின்று இதனை ஊதிய மனிதரின் பெயரை நாம் அறியோம். அவர் எந்த நாட்டவர் என்பதற்கு எஞ்சிய சாட்சி இம்மூன்று எழுத்துக்களே. அவற்றையும் சுரண்டிவிடுவதா?”

நண்பர் சற்றுநேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு பேனாவை எடுத்து, ‘முரானோ’ என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதினார்: “யப்பான். ஏறக்குறைய 1950–1970. செய்த பட்டறை தெரியவில்லை. அடியில் ஒட்டுச்சீட்டின் துண்டு உள்ளது. கழுவும்போது நீர் படாமற் காக்கவும்.”