காவிரித் திமில் மகசீரும் தூண்டில் சங்கமும்

திமில் மகசீர் என்பது காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும் இயற்கையாக வாழும் நன்னீர் மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் உயர்ந்திருக்கும். 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய மகசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது.

சங்கத்தின் பணி

தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் 1972-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. இது காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து மீன்களைக் காத்தது. அப்போது ஆற்றுக்குப் பெரும் கேடாக இருந்தது வெடிவைத்து மீன் பிடிப்பது. வெடியும் நஞ்சும் பயன்படுத்துவதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருந்தது. ஆனால் காட்டாற்றுக் கரையில் அதைக் கண்காணிக்க ஆளில்லை. சங்கம் உள்ளூர் மக்களைக் காவலுக்கு அமர்த்தியது. பிடித்த மீனை உயிருடன் ஆற்றில் விடுவது உறுப்பினர்களின் வழக்கமாயிற்று. காவலர்கள் நடமாடும் கரையில் வெடி வைப்பது எளிதல்ல என்பதால், பிற உயிரினங்களும் பயன்பெற்றன.

குஞ்சுகள் விட்டதன் விளைவு

மீன் குறைவதைக் கண்டு, 1970-களிலிருந்து காவிரியில் மகசீர் குஞ்சுகள் விடப்பட்டன. இவை மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் உள்ள டாடா நிறுவனப் பண்ணையில் வளர்க்கப்பட்டவை. ஆனால் அவை காவிரியின் திமில் மகசீர் அல்ல. நீலத்துடுப்பு மகசீர் என்னும் வேறு இனம்.

கர்நாடகத்தின் காவிரி வனவுயிர்ச் சரணாலயத்தில் உள்ள காலிபோரே முகாமில், தூண்டில்காரர்கள் தாம் பிடித்த மீன்களைப் பதிவேட்டில் குறித்து வந்தனர். 1998 முதல் 2012 வரையிலான அப்பதிவுகளில் 6,000-க்கு மேற்பட்ட மகசீர்கள் இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை இனவாரியாகப் பிரித்தபோது உண்மை வெளிப்பட்டது. மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூடியது நீலத்துடுப்பு மீன். திமில் மகசீர் குறைந்துகொண்டே வந்தது. சிக்கிய திமில் மகசீர்களின் சராசரி எடையோ ஏறியது. இது நல்ல அறிகுறி அல்ல. இளம் மீன்கள் வரவில்லை, முதிர்ந்தவை மட்டுமே எஞ்சியுள்ளன என்பதே இதன் பொருள்.

தடையும் அதன் பின்னும்

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. மீனுக்குத் தொல்லை குறைந்தது ஒரு பக்கம். ஆண்டுதோறும் சேர்ந்த பதிவும் கரையில் நடமாடிய காவலும் நின்றன என்பது மறுபக்கம். 2018-இல் திமில் மகசீரின் அறிவியல் பெயர் தோர் ரெமாதேவியீ என உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் மோயாறு இதன் முக்கிய வாழிடமாகக் கருதப்படுகிறது.

சேர்வராயன் மலையும் காவிரியும்

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா ஆறும் திருமணிமுத்தாறும் காவிரியில் கலக்கின்றன. திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடக்கும்போது கழிவுநீரையும் சாயக்கழிவையும் சுமந்து செல்கிறது. ஆகவே மலையோடைகளைத் தூய்மையாக வைத்திருப்பது காவிரியைக் காப்பதன் ஒரு பகுதி. ஏரியிலோ ஓடையிலோ மீன்குஞ்சு விடும் முன் அது அந்த ஆற்றின் இனம்தானா என்று பார்ப்பதும் அவ்வளவே முக்கியம். மீன் பெருகியதா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த மீன் பெருகியது என்றும் கேட்க வேண்டும் என்பதைக் காலிபோரே பதிவேடு காட்டுகிறது.