இறாலின் கண்ணும் அந்துப்பூச்சியின் கண்ணும்

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் இரவிற் பிடித்த இறாலின்மேல் கைவிளக்கைப் பாய்ச்சினால், அதன் கண்கள் தணல்போல ஒளிர்வதை அராலி, நாவற்குழிக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அக்கண்ணுக்கும் நெல்லைக் கெடுக்கும் தண்டுதுளைப்பானின் அந்துப்பூச்சிக் கண்ணுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. இதனை அறிந்தவர் வயலில் ஒளிப்பொறியைச் சரிவர வைப்பர்.

எமது கண்ணுக்கு வில்லை ஒன்றே. இறாலின் கண்ணோ எண்ணற்ற நுண்கண்கள் திரண்ட கூட்டுக்கண். ஒவ்வொரு நுண்கண்ணின் முகமும் சதுரமானது. அதன் பக்கச் சுவர்கள் முகம்பார்க்கும் கண்ணாடிபோல ஒளியைத் திருப்புவன. இவ்வமைப்பு 1970களிலேயே கண்டறியப்பட்டது. பல முகங்களில் விழும் மங்கிய ஒளி உள்ளே ஓரிடத்திற் குவிவதால், நிலவற்ற இரவிலும் இறால் வழி காண்கிறது. பகலில் ஒரு கருநிறப் பொருள் நுண்கண்களுக்கிடையே பரவி மிகையொளியைத் தடுக்கும், இருண்டதும் விலகும். அந்துப்பூச்சியிலும் இவ்வாறே, ஆயின் அதன் முகங்கள் அறுகோணமானவை, ஒளியைக் குவிப்பன வில்லைகளே.

விளக்கில் அகப்படுவது ஏன்? ஒளி வரும் பக்கமே வானம் என்று கொண்டு முதுகை அப்பக்கம் திருப்புவது நீரில் நீந்தும் இறாலினத்துக்கும் பறக்கும் பூச்சிகளுக்கும் உள்ள இயல்பு. விளக்கருகே வந்த பூச்சி முதுகை அதன் பக்கம் சாய்த்து, விலகமாட்டாது சுற்றுகிறது என்பதை 2024இல் வெளிவந்த ஆய்வொன்று விரைவுப் படங்களாற் காட்டிற்று. ஆசையால் விழுவதென்பது பழைய கதை.

காலபோக நெல் குடலைப் பருவம் அடையுமுன்னரே பொறி வைத்தல் வேண்டும். பயிருக்குச் சற்று மேலே லாம்பைத் தொங்கவிட்டு, அதன்கீழ் அகன்ற தாச்சியில் நீர் நிரப்பிச் சில துளி மண்ணெண்ணெய் இடுக. மாலை ஆறு மணி முதல் பத்து மணிவரை எரிந்தாற் போதும். விடியும்வரை எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணே மடியும். சிலர் தாச்சி வையாது வெறும் லாம்பை வரம்பில் தொங்கவிடுகின்றனர். இது பூச்சியை அழைத்து விருந்து வைப்பதாகும். வந்த பெண் அந்து அண்மையிலுள்ள பயிரிலேயே முட்டையிடும்.

பூரணையை அண்டிய இரவுகளில் நிலவொளியின்முன் லாம்பு மங்கிவிடும். ஒரு பூரணையன்று நான் வைத்த பொறியில் ஏழே பூச்சிகள் விழுந்தன. வயலிலோ பூச்சி குறையவில்லை. ஆகவே அந்நாட்களின் தொகையைக் கணக்கிற் கொள்ளற்க.

பொறி மட்டும் வயலைக் காவாது; பூச்சி வந்ததை அறிவிப்பதே அதன் முதற்பயன். முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளியுள்ள மஞ்சள் அந்துகள் தாச்சியிற் பெருகினால், மறுநாட் காலையே இலைநுனிகளைப் பார்வையிடுக. மஞ்சட்பழுப்பு மயிர் மூடிய முட்டைத் திரள்களைக் கிள்ளி அழித்தல் வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை பொரித்துப் புழுக்கள் தண்டினுட் புகுந்துவிடும்.