நிகர இலாபம் என்னும் சொல்



எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வினா வரும். ‘ஒரு வியாபாரி ஒரு பொருளை 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றான். இலாபம் என்ன?’ வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘20 ரூபாய்’ என்று விடை கூறும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த 80 ரூபாயைக் குறித்து வைத்தவர் யார், அது உண்மையில் 80தானா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்கும்படி பாடநூலும் சொல்லவில்லை. ஆனால் தொலைக்காட்சித் தொடர்களை எழுதுவோர், இயக்குவோர், நடிப்போர் ஆகியோருக்குப் பங்கு கிடைக்குமா கிடைக்காதா என்பது பல நேரங்களில் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகிறது.

பங்கு என்பது எங்கள் கோட்டைக்குப்பத்தார்க்குப் புதிய சொல் அன்று. பழவேற்காட்டு ஏரியில் வலை வைக்கும் இடத்தையும் முறையையும் ‘பாடு’ என்று வகுத்து, சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொண்டவர்கள் எங்கள் முன்னோர். கடலுக்குச் செல்லும் படகிலும் பங்குமுறைதான். மீன் 10,000 ரூபாய்க்கு ஏலம் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். டீசல், பனிக்கட்டி, சாப்பாடு ஆகியவற்றுக்கு 4,000 ரூபாய் கழியும். மீதி 6,000 ரூபாயில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். டீசல் எத்தனை லிட்டர் என்பது படகில் போன அனைவருக்கும் தெரியும். ஏலத்தில் கூறிய விலையும் கரையில் நின்றவர் காதில் விழுந்ததுதான். ஆகவே கணக்கில் ஐயம் எழ இடம் குறைவு. ஆனால் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட்டாக வேண்டும் என்ற கட்டு இருந்தால் நிலைமை மாறுகிறது. விலையைச் சொல்பவரும் அவரே, தரகு பிடிப்பவரும் அவரே, வட்டியை எழுதுபவரும் அவரே. அப்போது மீன் நிறைய விழுந்த நாளிலும் ஆள் பங்கு மெலிந்தே இருக்கும். இந்த இரண்டாவது கணக்கின் பெரிய வடிவத்தைத்தான் அமெரிக்க நாட்டின் ஹாலிவுட் நிறுவனங்களில் காண்கிறோம்.

அங்கே ஒரு தொடரை உருவாக்குபவருக்குச் சம்பளம் உண்டு. அதனோடு ‘நிகர இலாபத்தில் நூற்றுக்கு இத்தனை’ என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவதும் உண்டு. நிகர இலாபம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். தொகைகள் என் கற்பனை. கழிக்கும் வரிசை உலகறிந்தது. ஒரு தொடரால் 100 கோடி வரவு வந்தது என்க. முதலில் விநியோகக் கட்டணம். அதாவது, தன் தொடரைத் தானே விற்றதற்கு நிறுவனம் தனக்கு எடுத்துக்கொள்ளும் கூலி. அது நூற்றுக்கு 30 ஆனால், மீதி 70 கோடி. விளம்பரம், மொழிமாற்றம், பிரதி எடுத்தல் முதலிய விற்பனைச் செலவு 10 கோடி; மீதி 60. தயாரிப்புச் செலவு 50, மீதி 10. அந்த 50 கோடியின் மேல் ‘பொதுச் செலவு’ நூற்றுக்கு 15, அதாவது ஏழரைக் கோடி, மீதி இரண்டரை. போட்ட முதலுக்கு வட்டி 4 கோடி. இப்பொழுது கணக்கின் அடியில் நிற்பது ஒன்றரைக் கோடி நட்டம். நட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இருந்தால் என்ன, ஐம்பது இருந்தால் என்ன?

மேலே சொன்னவற்றுள் பொதுச் செலவு என்பதைச் சற்று நின்று கவனியுங்கள். அலுவலக வாடகை, காவலாளி சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றில் இத்தொடருக்கு உரிய பாகம் என்று அதற்கு விளக்கம் தருவார்கள். ஆனால் எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்து எழுதுவதில்லை. முன்கூட்டியே நிர்ணயித்த ஒரு வீதத்தை ஏற்றிவிடுகிறார்கள். ‘கமிங் டு அமெரிக்கா’ என்ற திரைப்படம் 1988இல் வெளிவந்து, உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தம் கதைக் கருவே அப்படத்திற்கு மூலம் என்று பத்திரிகை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் பாராமவுண்ட் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். நிகர இலாபமே இல்லை என்று நிறுவனம் கூறியது. உண்மைச் செலவோடு தொடர்பில்லாத அந்த நூற்றுக்கு 15 வீதமும், பொதுச் செலவின் மேலேயே வட்டி ஏற்றியதும் மனச்சான்றுக்கு ஒவ்வாதவை என்று 1990இல் நீதிமன்றம் கூறிற்று. 1992இல் புக்வால்டுக்குக் கிடைத்தது 1,50,000 டாலர். அவருடன் வழக்காடிய தயாரிப்பாளர் அலன் பெர்ன்ஹைமுக்கு 7,50,000 டாலர்.

தொலைக்காட்சியில் இதற்கு முன்னரே நடிகர் ஜேம்ஸ் கார்னர் போராடியிருக்கிறார். அவர் நடித்த ‘ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ 1974 முதல் 1980 வரை ஓடிற்று. இலாபப் பங்கு தனக்குச் சரிவர வரவில்லை என்று 1983இல் யூனிவர்சல் நிறுவனத்தின்மீது வழக்கிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1989இல், சமரசமாயிற்று. புகழும் பொருளும் உடைய நடிகருக்கே ஆறு ஆண்டுகள் என்றால், முதல் தொடரை எழுதிய இளைஞன் என்ன செய்வான்? ஆகவேதான் பேரம் பேச வலிமை உள்ளவர்கள் நிகர இலாபத்தில் பங்கு கேட்பதில்லை. எந்தக் கழிவும் வருவதற்கு முன், மொத்த வரவிலேயே பங்கு கேட்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் மொத்த வரவில் நூற்றுக்கு 2 பெற்றவருக்கு 2 கோடி ரூபாய் வந்திருக்கும்.

இதுவரை கூறியது செலவை ஏற்றும் வழி. வரவைக் குறைக்கும் வழி இன்னும் நுட்பமானது. தயாரிக்கும் நிறுவனமும் ஒளிபரப்பும் நிலையமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தால், இடக்கை விற்க வலக்கை வாங்குகிறது. விலையைக் குறைத்துவிட்டால் குடும்பத்திற்கு நட்டமில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் ஏட்டில் மட்டும் வரவு குறையும். பங்குதாரரின் பங்கு இருப்பது அந்த ஏட்டில்தான்.

‘கோடீஸ்வரர் ஆக விரும்புபவர் யார்’ என்ற பொருளுடைய வினாவிடை நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். இங்கிலாந்தில் 1998இல் தொடங்கியது. 2000இல் இந்தியில் வந்தது. 2012இல் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று விஜய் தொலைக்காட்சியில் நடிகர் சூர்யா நடத்தினார். இதன் மூல உரிமை செலிடார் என்ற ஆங்கிலேய நிறுவனத்திடம் இருந்தது. அமெரிக்காவில் டிஸ்னி குழுமத்தோடு அது செய்த ஒப்பந்தப்படி இலாபத்தில் சரிபாதி செலிடாருக்கு உரியது. 1999இல் ஏபிசி நிலையத்தில் நிகழ்ச்சி ஒளிபரப்பாகி, நாடே அதைப் பார்த்தது. ஆயினும் இலாபம் இல்லை என்றே கணக்கு வந்தது. ஏபிசி டிஸ்னிக்கு உரிய நிலையம். தயாரிப்புச் செலவு எவ்வளவோ அதையே நிகழ்ச்சியின் விலையாக அது தந்தது. விளம்பரத்தால் வந்த பெரும்பணம் நிலையத்தின் ஏட்டிலேயே தங்கிவிட்டது. செலிடார் 2004இல் வழக்குத் தொடுத்தது. 2010 ஜூலையில் நடுவர் குழு சுமார் 27 கோடி டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. வட்டியோடு அது சுமார் 32 கோடியாயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை 2012 டிசம்பரில் உறுதி செய்தது.

‘போன்ஸ்’ என்ற தொடரின் கதையும் அதுபோன்றதே. ஃபாக்ஸ் நிறுவனம் தயாரித்து, ஃபாக்ஸ் நிலையத்திலேயே 2005 முதல் 2017 வரை ஒளிபரப்பியது. இணையவழி உரிமையை ஹுலு என்ற நிறுவனத்திற்குக் குறைந்த விலையில் தந்தார்கள் என்பது முறையீடு. ஹுலுவிலும் ஃபாக்ஸ் குழுமத்திற்குப் பங்கு இருந்தது. நடிகர்கள் இருவர், மூலநூலாசிரியை கேத்தி ரைக்ஸ், தயாரிப்பாளர் ஒருவர் ஆகிய நால்வருக்கும் சுமார் 18 கோடி டாலர் தருமாறு 2019 பிப்ரவரியில் நடுவர் உத்தரவிட்டார். அதில் தண்டனைத் தொகையாக இருந்த சுமார் 13 கோடியைச் சில மாதங்களில் நீதிமன்றம் நீக்கிவிட்டது. அவ்வாண்டே இருதரப்பாரும் சமரசமாயினர். ‘வாக்கிங் டெட்’ தொடரை உருவாக்கிய ஃபிராங்க் டாரபான்ட் முதலியோருக்கு ஏஎம்சி நிறுவனம் 2021இல் 20 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அங்கும் தயாரித்தவரும் ஒளிபரப்பியவரும் ஒருவரே.

நிறுவனத்தார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. எடுக்கும் தொடர்களில் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன. தோற்றவற்றின் நட்டத்தை எழுத்தாளர் யாரும் பங்கிட்டுக்கொள்வதில்லை. வென்ற ஒன்றின் வரவால்தான் மற்றவற்றை ஈடுகட்ட வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். அப்படியானால் பங்கு தருவதாக எழுதாமல் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிற்று. தூர்தர்ஷனில் பின்னர் வந்த விளம்பரதாரர் முறைப்படி, தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் செலுத்துவார். அதற்கு ஈடாகச் சில நிமிட விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அந்நேரத்தை விற்று முதலை மீட்டுக்கொள்ள வேண்டும். 1993 ஏப்ரல் 14இல் தோன்றிய சன் தொலைக்காட்சியும் நேரத்தைத் தயாரிப்பாளருக்கு விற்கும் முறையை நெடுங்காலம் கையாண்டது. இம்முறையில் இலாபமும் நட்டமும் தயாரிப்பாளர் தலையில். மற்றொரு முறையில் நிலையமே பகுதிக்கு இவ்வளவு என்று பணம் தந்து, உரிமை அனைத்தையும் தானே வைத்துக்கொள்கிறது. இரண்டிலும் எழுத்தாளர்க்குப் பொதுவாக எழுதிய பகுதிக்கு உரிய கூலியே கிடைக்கிறது. நிகர இலாபம் என்ற ஏமாற்றம் இல்லை. பங்கே இல்லாததால் ஏமாற்றமும் இல்லை! ஆனால் தொடரின் ஆயுள் ஒளிபரப்போடு முடிவதில்லை. விகடன் டெலிவிஸ்டாஸ் தயாரித்த ‘கோலங்கள்’ சன் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை ஓடியது. அதற்குப் பின்னரும் யூடியூபில் அதைப் பார்த்தவர்கள் பலர்.

இத்தகைய பிற்கால வரவைக் கருதியே நம் சட்டம் வேறொரு வழியைக் கண்டது. திரைப்படப் பாடலின் உரிமை தயாரிப்பாளரையே சாரும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலைஞர் நலத்தைக் கருதிச் சட்டத்தைத் திருத்தலாமே என்று நீதியரசர் கிருஷ்ண ஐயர் அத்தீர்ப்பிலேயே தனிக்குறிப்பு எழுதினார். திருத்தம் வர 35 ஆண்டுகள் ஆயின. மாநிலங்களவையில் கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். 2012 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தப்படி, படத்தில் இடம்பெறும் எழுத்துக்கோ இசைக்கோ உரியவர், திரையரங்கில் படத்தோடு காட்டுவது நீங்கலாகப் பிற பயன்பாடுகள் அனைத்திற்கும் உரிமைத் தொகையைச் சமபங்காகப் பெறும் உரிமையைத் தம் சட்டப்படியான வாரிசுகளுக்கோ தொகையைத் திரட்டி வழங்கும் சங்கத்திற்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. சட்டத்தின் பார்வையில் தொலைக்காட்சித் தொடரின் பதிவும் திரைப்படம் என்ற சொல்லுள் அடங்கும். கவனியுங்கள்: இங்கே பங்கு கணக்கிடப்படுவது இலாபத்தின் மேல் அன்று, பயன்பாட்டின் மேல். நிறுவனத்தின் பொதுச் செலவு எவ்வளவு என்ற வினாவே எழுவதில்லை. தொகையைத் திரட்டி வழங்கும் சங்கம் எவ்வளவு திறமையாக இயங்குகிறது என்பது வேறு கேள்வி. பாடல் துறையில் 1969இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் உள்ளது.

கல்லூரி மாணவர்களில் கதை எழுதுவோர் சிலர் இருப்பீர்கள். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படித்து வையுங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும். உரிமைத் தொகை எவ்வளவு என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நிறுவனங்கள் நீட்டும் தாளில் ‘உலகெங்கும், என்றென்றும்’ என்ற இரு சொற்கள் தவறாமல் இருப்பதன் காரணம் இதுவே. அமெரிக்க ஒப்பந்தங்களில் கணக்கைப் பார்வையிடும் உரிமைக்கு ஒரு காலவரம்பும் உண்டு. கணக்கு அனுப்பிய நாளிலிருந்து குறித்த மாதங்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், அக்கணக்கை ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும்.